மாதிரியூர் வண்டி

குருந்தம்பேரி பேருந்து நிலையத்தில் மாதிரியூர் வண்டி முதன்முதலாக வந்து நின்றபோது, அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்றுதான் கேட்டார்கள். வெளிர்ப்பச்சை வண்டி. நெற்றிப் பலகையில் மாதிரியூர் என்று ஒற்றைப் பெயர், வழியில் வேறு எந்த ஊரும் எழுதவில்லை, டயரில் புழுதி இல்லை, கண்ணாடியில் காக்கை எச்சம் இல்லை, நடத்துநரின் காக்கிச் சட்டையில் குத்தியிருந்த பட்டையில் அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர்’ என்றே எழுதியிருந்தது. டீக்கடை காதர் மைதீன் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, பேரே பேருதானா?” என்று கேட்டார். நடத்துநர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாதிரியூர் தென்காசிக்கு மேற்கே இருக்கிறது என்று ஒருவர் சொன்னார், இல்லை, கடற்கரைப் பக்கம், என் சித்தி மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார், வெயிலுக்கு ஒதுங்க இடமில்லாத சிலர் எந்த ஊராக இருந்தால் என்ன என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

நிலையத்தின் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்திக்கொண்டிருந்த மாசானம் இதையெல்லாம் தன் முக்காலியில் இருந்தபடியே பார்த்தார், ஆனால் எழுந்து வரவில்லை. எழுந்து வந்தால் டீக்கடையைத் தாண்ட வேண்டும், காதர் மைதீனோடு அவருக்குப் பேச்சு இல்லை, காதர் மைதீன் ஒருகாலத்தில் ஆறிய டீயைக் கொடுத்துவிட்டு சூடாகத்தானே இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். அதேபோல நகராட்சியோடு அவருக்குப் பேச்சு இல்லை, ஸ்டாண்டின் கூரையில் பாதியைப் பிய்த்துவிட்டு மீதியை அப்படியே விட்டுப்போனவர்கள். பூக்கடைக்காரியோடு இல்லை, சொந்தத் தம்பியோடு இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மனைவி உலகம்மாளின் அண்ணன் நல்லபெருமாளோடு இல்லை. மற்றவர்கள் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல அவர் தன்னுடைய ஒவ்வொரு வருத்தத்துக்கும் நாள் தவறாமல் ஊற்றி வந்தார், ஒன்றையும் வாடவிட்டதில்லை.

வண்டி வரக் காரணமாக இருந்த கம்ப்யூட்டர் நேரக்காப்பாளர் அறையில் இருந்தது. எந்த வண்டி எந்த ஊருக்கு எந்த மேடையில் இருந்து புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்லும் புரோகிராம் ஒன்றை அந்த ஊர்ப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்து, மாலை வாங்கிக்கொண்டு கனடாவுக்குப் போய்விட்டான். பல வருடம் அது ஓடிய பழைய கம்ப்யூட்டரின் மேல் ஒரு மழைக்குக் கூரை ஒழுகியது, அது செத்தது, அறிவிப்பு நின்றது. கூப்பிடாத இடத்துக்கு ஏன் உள்ளே வர வேண்டும் என்று ஓட்டுநர்கள் வண்டிகளைப் பைபாஸிலேயே நிறுத்தி ஆளை இறக்கிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழவர்களும் தார்ச்சாலையில் கொதிக்கக் கொதிக்க நடந்தார்கள். கனடாவுக்குப் போனவனைக் கேட்டதற்கு அவன் தன் பழைய புரோகிராம் முழுவதையும் அப்படியே அனுப்பிவைத்து, எடுத்து வைத்து ஓட்டினால் ஓடும் என்று ஒரு வரியும் எழுதியிருந்தான். எழுதியவனுக்கு என்ன, அவனுடைய கம்ப்யூட்டரில் அது ஓடியது.

அதைப் புதுக் கம்ப்யூட்டரில் எடுத்து வைக்க நகராட்சி கூட்டிவந்த பெண் ஜெசிந்தா. சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது பெட்டியோடு வீட்டுக்கு வந்தவள். அவள் செய்யும் வேலைக்குப் பெயர் செட்டப் என்று நகராட்சித் தலைவர் பிச்சையா மேடைபோட்டுச் சொல்லிவிட்டார். தலைவருக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒரு செட்டப் இருக்கிறது என்று ஊர் சிரித்தது, தலைவரின் வீட்டம்மாள் ஒருநாள் நேரிலேயே வந்து கதவைத் தள்ளிப் பார்த்து, கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளையும் அதன் முன்னால் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணையும் பார்த்துவிட்டு, “பாவம் பிள்ள, நீ வேலையைப் பாரு” என்று திரும்பிப் போனார்.

ஜெசிந்தா தன் மொபெட்டை ஸ்டாண்டில் விட வரும்போது மாசானத்திடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசுவாள். அவளோடு அவருக்கு இன்னும் பகை ஏற்பட்டிருக்கவில்லை.

“முடிஞ்சிதா தாயி?”

“எங்க அண்ணாச்சி. ஒண்ணைக் கேக்கு, அதைக் கொண்டாந்து வச்சா அது இன்னொண்ணைக் கேக்கு. அதுவும் அந்தக் காலத்துல என்ன இருந்துச்சோ அதேதான் வேணுமாம். புதுசா குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுது.”

மாசானத்துக்கு அந்தப் புரோகிராமின் மேல் ஒரு மரியாதை வந்தது.

போக்குவரத்துக் கழகத்தில் இருந்து உண்மையான நேர அட்டவணை வர வேண்டியிருந்தது, அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில் இருந்தார். அதுவரை ஓட்டிப் பார்க்க ஜெசிந்தா தானாக ஒரு டம்மி அட்டவணையைப் போட்டுக்கொண்டாள். ஊர் என்ற இடத்தில் மாதிரியூர். வண்டி ஒன்று. நடத்துநருக்குப் பெயர் யோசிக்கச் சோம்பல், பெயர் என்றே அடித்துவிட்டாள். மைக் செட்காரர் ஒலிபெருக்கியின் வயரைச் சுவருக்குள் பதித்துப் புதுக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து ஏற்கெனவே சேர்த்திருந்தார், கழற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். ஒரு காலை நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பொத்தானை அழுத்தினாள், “மாதிரியூர் செல்லும் பேருந்து முதலாம் மேடையில் இருந்து புறப்படும்” என்று வெகுநாள் கழித்துக் குரல் நிலையம் முழுக்க எழுந்தது, கூப்பிட்டதும் வண்டி வந்தது. கூப்பிட்டால் வருவதுதானே வண்டி.

உலகம்மாள் அதில் ஏறியது அடுத்த வாரம்.

அவளுடைய அண்ணன் நல்லபெருமாள் படுத்த படுக்கையாகக் கிடந்து, தங்கச்சியைப் பார்க்கணும் என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த நல்லபெருமாள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, முதல் பந்தியில் மாசானம் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, உப்பும் வைத்தாகிவிட்ட பிறகு, யாரோ அதிகாரி குடும்பத்தோடு வந்துவிட்டார் என்று நல்லபெருமாள் ஓடிவந்து, “மச்சான், நீங்க நம்ம வீட்டு ஆளு, அடுத்த பந்தியில உக்காருங்க” என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துத் தூக்கியவர். மாசானம் எழுந்து கையைக் கழுவாமலே தெருவில் இறங்கியவர்தான், அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, உலகம்மாளையும் மிதிக்க விடவில்லை. அந்த வீட்டில் நடந்த கல்யாணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தன, உலகம்மாள் குருந்தம்பேரியில் இருந்தபடியே குலவையிட்டு, இருந்தபடியே அழுதாள்.

“கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்” என்றாள் அன்றைக்கு.

“போகக்கூடாது.”

“சாகக் கெடக்கான்.”

“எலையில இருந்து என்னைத் தூக்குன அன்னைக்கு நான் செத்துட்டேன். எனக்கு எவன் வந்து அழுதான்?”

“ஒரு வாய்ச் சோத்துக்கு எம்புட்டு நாளைக்கி? அவனும் கேட்டுட்டான், மதினியும் காலைப் பிடிச்சுட்டா, நானும் ஒங்க கூடவே பட்டினி கெடந்துட்டேன். இன்னும் என்ன வேணும்?”

“ஏட்டி, போனா அப்படியே போயிரு. திரும்பி வராத.”

உலகம்மாள் ஒயர்க்கூடையில் ஒரு சேலையை மடித்து வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தாள். அண்ணன் ஊருக்குப் போகிற வண்டி பைபாஸோடு போய்விட்டது. மேடையில் மாதிரியூர் வண்டி நின்றது. போகிற போக்கில் எங்கேயாவது இறங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ, அப்படியே போய்விடுவது என்றுதான் ஏறினாளோ, அது அவளுக்குத்தான் தெரியும். வண்டி வாசலைத் தாண்டும்போது அவள் தன்னைப் பார்ப்பாளா என்று பார்க்க மாசானத்துக்கு ஆசை, ஆனால் அவள் திரும்புவதற்கு முன்னால் தான் திரும்பிவிட வேண்டும் என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, நிறுத்தியிருந்த மொபெட்டின் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடியில் வண்டி மட்டும் தெரிந்தது.

உச்சிப்பொழுதில் போன் வந்தது.

“இப்பத்தான் வந்து எறங்குனேன்” என்றாள். “நல்ல வெயிலு. ரோடெல்லாம் தொடச்சி வச்ச மாதிரி இருக்கு. எல்லாம் ஒண்ணு ஒண்ணுதான் இருக்கு. ஒரு மரம், ஒரு குழாயி, ஒரு கடை. கடையில இருக்க பொம்பளைக்கும் பேருன்னுதான் பேராம். அண்ணன் எப்படி இருக்கான்னு யாருட்டயாவது கேட்டுச் சொல்லுங்க. நான் இங்க இருக்கேன். நீங்க வாயத் தொறந்து ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாரேன். இல்லைன்னா இங்கனயே இருந்துக்கிடுதேன். சாப்ட்டியளா?”

மாசானம் போனை வைத்துவிட்டார். மறுநாள் உச்சிப்பொழுதில் மறுபடியும் போன் வந்தது. “இப்பத்தான் வந்து எறங்குனேன்” என்றாள். நல்ல வெயில் என்றாள், ஒரு மரம், ஒரு குழாய் என்றாள், சாப்ட்டியளா என்றாள். வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் மறுபடியும் வைத்தார். அதற்கும் மறுநாள் அதே சொல், அதே இடத்தில் அதே மூச்சு.

அதற்குள் மாதிரியூருக்குப் போனவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் என்று ஆகியிருந்தார்கள். மருமகளிடம் பேச்சு வாங்கிய மாமனார்கள் போனார்கள், பரீட்சையில் தவறியவர்கள் போனார்கள், கடையில் யாவாரம் இல்லாதவர்கள் கடையைத் திறந்து போட்டுவிட்டே போனார்கள், கல்யாணப் பத்திரிகையில் பெயரை விட்டுவிட்டார்கள் என்று ஒருவர் குடும்பத்தோடு போனார், தலைவலி என்று ஒரு வாத்தியார் போனார். அவர்கள் விட்டுப்போன சைக்கிள்களும் மொபெட்டுகளும் மாசானத்தின் ஸ்டாண்டில் வரிசையாக நின்றன, இருக்கையில் தூசி படிந்தது, ஒன்றின் முன்கூடையில் குருவி கூடு கட்டியது, அவர் எதையும் நகர்த்தவில்லை. வண்டி நிறைந்து போகும், காலியாகக்கூடத் திரும்பி வராது, மறுநாள் கூப்பிட்டதும் புழுதியில்லாமல் புதிதாக வந்து நிற்கும். போனவர்கள் எல்லாரும் நாள்தோறும் உச்சிப்பொழுதில் போன் பண்ணி இப்போதுதான் வந்து இறங்கியதாகச் சொன்னார்கள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. உச்சிப்பொழுதில் குருந்தம்பேரியில் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாருடைய காதிலும் போன் இருக்கும். ஒரு தாய் தன் மகனிடம் நீ பரீட்சையில் பாஸாகிவிட்டாய் என்று தினமும் சொன்னாள், அவன் தினமும் புதிதாகச் சந்தோஷப்பட்டான், அந்தச் சத்தத்தைக் கேட்கத் தெருப்பெண்கள் அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். முன்பு மாமனாரைப் பேசிய மருமகள் இப்போது தினமும் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள், அவர் தினமும் விட்டுத்தள்ளு என்றார், தினமும் மன்னிக்கப்படுவது அவளுக்குப் பிடித்துப்போய் அவரைத் திரும்பக் கூப்பிடுவதையே மறந்துவிட்டாள். கோவில் பூசாரி உச்சிகால பூசையைத் தள்ளி வைத்தார். போனவர்கள் வயதாகாமல், நோய் வராமல், வந்து சேர்ந்த களைப்பும் நிம்மதியுமாக அப்படியே இருக்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் போனை வைத்த பிறகு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. நேற்று அழுததையும் அதற்கு முந்தின நாள் சிரித்ததையும் சேர்த்து வைக்க ஒரு ஆள் வேண்டும், இங்கே இருப்பவர்கள் அதைத் தாங்களே சுமந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்களோடு நாளைக்கும் முதலில் இருந்து பேச வேண்டும்.

ஜெசிந்தாவைக் கேட்டார் மாசானம். “ஏன் தாயி, அவளுக்கு என்ன, புத்தி கித்தி பிசகிட்டா?”

அவள் தலைகுனிந்து நின்றாள். “இல்ல அண்ணாச்சி. நான் தெனமும் காலையில செட்டப்பை முதல்ல இருந்து ஓட்டுதேன். பாதியில வந்து நின்னுக்கிடுது, மறுநாள் மறுபடியும் ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கிறப்ப டம்மியெல்லாம் தானா அழிஞ்சு புதுசா நிரம்பும். அக்காவுக்கு எப்பவும் அன்னைக்குத்தான். அந்தச் சண்டை அவங்களுக்கு இன்னைக்குக் காலையில நடந்தது. நேத்து நீங்க பேசுனது எதுவும் அவங்ககிட்ட இருக்காது.”

“கோவம்?”

“அது மட்டும் அப்படியே இருக்கும். சூடா.”

மாசானம், “எனக்கும் அப்படித்தான். அந்தப் பந்தி இன்னைக்குக் காலையில நடந்தது” என்றார்.

நல்லபெருமாள் செத்துப்போன செய்தி வந்தது. மாசானம் போகவில்லை. ஸ்டாண்டைத் திறந்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார், பிணம் எடுக்கிற நேரம் என்று மற்றவர்கள் சொன்ன நேரத்தில் ஒரு சைக்கிளுக்குக் காற்று அடித்தார். உச்சிப்பொழுதில் போன் வந்ததும், அவள் சொல்லத் தொடங்குவதற்குள், “ஒங்க அண்ணன் போய்ட்டான்” என்றார்.

மறுபக்கத்தில் அவள் விழுந்த சத்தம் கேட்டது. அண்ணா அண்ணா என்று அவள் மாரில் அடித்துக்கொண்ட சத்தம் அந்த ஒற்றை மரத்தில் பட்டுத் திரும்பியது. “நீங்க போனியளா?” என்று கேட்டாள். போகவில்லை என்றார். “ஒங்க எலையில மண்ணு விழ” என்றாள் உலகம்மாள், அத்தனை வருடக் குடித்தனத்தில் முதன்முறையாக. மாசானத்துக்கு அது சரி என்று பட்டது. இதை இனி அவள் மனதில் வைத்துக்கொள்வாள், நானும் வைத்துக்கொள்வேன், கணக்கு நேராகிவிட்டது என்று அன்றைக்கு ஒருவித அமைதியோடு தூங்கினார்.

மறுநாள் போன் வந்தது. “இப்பத்தான் வந்து எறங்குனேன். நல்ல வெயிலு” என்றாள். “அண்ணன் எப்படி இருக்கான்னு யாருட்டயாவது கேட்டுச் சொல்லுங்க.”

அவர் இரண்டாவது தடவையும் சொன்னார். இரண்டாவது தடவையும் அவள் விழுந்தாள், முதல் தடவை விழுந்த அதே மாதிரி, ஒரு குறைவும் இல்லாமல். அதற்கும் மறுநாள் அவள் கேட்டபோது மாசானம், “அப்படியேதான் இருக்கான்” என்றார். “கஞ்சி குடிச்சானா?” என்றாள். “குடிச்சான்.” “என்னைக் கேட்டானா?” “கேட்டான்.” அன்றிலிருந்து, எந்த மனிதன் செத்தால் போதும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாரோ அந்த மனிதனை மாசானம் தினமும் உச்சிப்பொழுதில் தன் வாயால் உயிரோடு வைத்திருந்தார், கஞ்சி கொடுத்தார், திருப்பிப் படுக்கவைத்தார், நல்ல வார்த்தை சொல்லவைத்தார்.

ஊர்த் தாய்மார்கள் ஒருநாள் ஜெசிந்தாவின் அறையை முற்றுகையிட்டு அழுதார்கள். அவளும் அழுதாள். அழுதுவிட்டு, மாதிரியூரில் இருந்து குருந்தம்பேரிக்குத் திரும்பி வர ஒரு வண்டியை டம்மியில் சேர்த்தாள். சாயங்காலம் வெளிர்ப்பச்சை வண்டி வந்தது, கூப்பிட்டவர்களுடைய ஆட்கள் இறங்கினார்கள். வாத்தியார் வந்தார், தலைவலி அப்படியே இருந்தது. பரீட்சையில் தவறிய மகன், தவறித்தான் போனோம் என்று தெரிந்து, தாயோடு பேசாமல் நடந்து போனான். ஸ்டாண்டில் நின்ற வண்டிகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள், போகும்போது இவ்வளவு தூசியா என்று கேட்டார்கள்.

“அண்ணாச்சி, அக்காவைக் கூப்பிடுங்க” என்றாள் ஜெசிந்தா. “இது எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியாது. கையெழுத்து வந்துட்டுன்னா டம்மியை எல்லாம் எடுத்துருவேன்.”

“கோவம் ஆறட்டும்.”

“ஆறாதுன்னு சொல்லுதேன்லா. ஆறுறதுக்கு ரெண்டாவது நாள் வேணும். அவங்களுக்கு ரெண்டாவது நாளே கெடையாது.”

“அவளா போனா. அவளா வரட்டும்.”

டீக்கடையில் இருந்து காதர் மைதீன் சத்தம் கொடுத்தார். “வே மாசானம், ‘வா’ன்னு சொன்னா வாயில இருக்க பல்லா கொட்டிரும்?” அவரோடு பேச்சு இல்லாததால் மாசானம் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில் உலகம்மாள் சொன்னாள், “ஊருக்கு வார வண்டி இங்கதான் நிக்குது. கண்டக்டரு ஏறுதியளான்னு கேக்காரு. நீங்க சொல்லுங்க.” ஒவ்வொரு நாளும் மாசானம், “நீயாத்தானே போன” என்றார். “அப்ப நான் வரல” என்றாள் அவள், அந்தக் குரலில் காலையில் போட்ட சண்டையின் சூடு இருந்தது, அந்தச் சூடு அவரைச் சுட்டது, சுட்டதும் அவருக்கும் பழையபடி ஏறியது. போனை வைத்த பிறகு, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். நாளைக்கு அவளுக்கு இது எதுவும் நினைவிருக்காது, நாளைக்கு முதலில் இருந்து தொடங்கலாம், நாளைக்கு இல்லாவிட்டால் அதற்கும் நாளைக்கு. தவறவிட முடியாத மனைவி ஒருத்தி தனக்குக் கிடைத்திருப்பதாக மாசானம் நினைத்தார். சாயங்கால வண்டி வரும்போது மட்டும், ஸ்டாண்டின் கயிற்றைக் கட்டுவதுபோல வாசலில் நின்று இறங்குகிறவர்களின் காலைப் பார்ப்பார்.

கையெழுத்து வந்தது. விடுப்பில் இருந்தவர் திரும்பிவிட்டார், அமைச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வருகிறார், வருகிற வழியில் அறிவிப்பைத் திறந்துவைத்துவிட்டுப் போவார் என்று தலைவர் பிச்சையா காலையிலேயே வந்து நின்றார். பந்தல் கட்டினார்கள். தலைவர் ஜெசிந்தாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, “டம்மி ஒரு சொட்டு இருக்கக் கூடாது. ஏற்கெனவே பாதி வார்டு ஓட்டு மாதிரியூருல கெடக்கு” என்றார். முதலில் வண்டிகளை எடுக்கச் சொன்னார். அவள் எடுத்தாள். அடுத்து ஊரை எடுக்கச் சொன்னார்.

ஜெசிந்தா எழுந்து ஸ்டாண்டுக்கு ஓடிவந்தாள். “அண்ணாச்சி, வண்டியை எல்லாம் எடுத்தாச்சு. ஊரை இன்னும் எடுக்கல. போன் வந்துட்டா?”

“வரல.” மாசானம் எழுந்து நின்றார். “அந்தத் திரும்புற வண்டியை மட்டும் திருப்பிப் போடு தாயி. ஒரே ஒரு தடவை.”

“போட்டா எல்லாத்தையும் முதல்ல இருந்து ஓட்டணும். அவரு என் தலைக்கு மேல நிக்காரு, ஸ்பீக்கரும் புது அட்டவணைக்கு மாறிட்டு.”

“அப்ப இதை அழிச்சிட்டு, பொறவு ஒங்க வீட்டு கம்ப்யூட்டர்ல மாதிரியூரை வச்சிக் குடு. நான் அங்க வந்து பேசிக்கிடுதேன்.”

“வச்சித் தாரேன். ஆனா அதுல ஆளு இருக்காது அண்ணாச்சி. மரம் இருக்கும். குழாய் இருக்கும்.” அவள் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “டீ குடிக்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். குடிச்சிட்டுத்தான் போவேன். அதுக்குள்ள போன் வந்தா பேசிருங்க.”

அவள் டீக்கடைக்குப் போய் ஒரு டீ சொன்னாள். காதர் மைதீன் அவள் முகத்தைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார், பாலை அடுப்பில் வைத்து அடுப்பைக் குறைத்தார். பால் காய வெகுநேரம் ஆயிற்று. ஆற்றுவதற்கு அதைவிட நேரம் எடுத்துக்கொண்டார். தலைவர் பந்தலில் இருந்து ஆள் அனுப்பினார், சூடாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். டம்ளர் பாதியானபோது மாசானத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது.

“இப்பத்தான் வந்து எறங்குனேன்” என்றாள் உலகம்மாள். “நல்ல வெயிலு. ரோடெல்லாம் தொடச்சி வச்ச மாதிரி...”

“வா” என்றார் மாசானம்.

மறுபக்கம் ஒயர்க்கூடையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு, “என்ன சொன்னிய?” என்றாள்.

“வான்னு சொன்னேன். உலகம்மா, வந்துரு. நான் பேசுனது தப்பு. ஒங்க அண்ணனைப் பாக்க நானே கூட்டிட்டுப் போறேன்.”

“மெய்யாவா?”

“மெய்யாத்தான்.”

“அண்ணன் இருக்கானா?”

“இருக்கான். எனக்கு எலை போட்டு வச்சிட்டுக் காத்துக் கெடக்கானாம். முதப் பந்தியில.”

அவள் சிரித்தாள், சிரிப்பிலேயே அழுதாள். “காலையில இதச் சொல்லிருந்தா நான் பஸ்ஸே ஏறிருக்க மாட்டேன்லா. ஒரு வார்த்தைதானே. அதுக்கு இம்புட்டு தூரம் அலைய விட்டுட்டிய.” ஒயர்க்கூடையைத் தூக்கும் சத்தம் கேட்டது. “சரி, வாரேன். இங்க வண்டி ஒண்ணும் நிக்கக் காணும். அடுத்த வண்டி எப்ப?”

டீக்கடை பெஞ்சில் ஜெசிந்தா இல்லை. டம்ளர் கழுவுகிற வாளிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. காதர் மைதீன் கையை விரித்தார்.

“இந்தா வந்துரும்” என்றார் மாசானம். “வெயில்ல நிக்காத. நெழல்ல போயி நில்லு.”

“நெழலு தள்ளிக் கெடக்கு. நான் அங்கன போயி நிக்கையில வண்டி வந்துட்டுப் போயிட்டுன்னா?”

“போகாது. ஒனக்குத்தான் வருது. நீ ஏறாமப் போகாது.”

“போனை வச்சிராதிய. வண்டி வார வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க” என்றாள் உலகம்மாள். அவள் நடக்கத் தொடங்கிய செருப்புச் சத்தம் கேட்டது. பந்தலில் கை தட்டினார்கள், ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்துவிட்டு, தென்காசி என்றது, திருநெல்வேலி என்றது, கோவில்பட்டி, சங்கரன்கோவில், ராஜபாளையம் என்று ஒவ்வொரு ஊராகக் கூப்பிடத் தொடங்கியது, பைபாஸில் இருந்து வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பின, ஜனங்கள் மேடைகளை நோக்கி ஓடினார்கள். கூப்பிடுகிற ஊர்களில் அவளுடைய ஊர் இல்லை என்பது அவள் காதில் விழுந்துவிடாதபடி, மாசானம் போனின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.